பிள்ளைக்கு மனசு சரியில்ல எண்டா எந்தக் கதவைத் தட்டுறது? திருகோணமலையில இருக்கிற சேவைகளும் அதுகளுக்கு நடுவுல இருக்கிற ஓட்டையும்

ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைப் பத்தி கவலையான செய்தி ஒண்டு வந்தா அடுத்த ரெண்டு மூண்டு நாளைக்கு எல்லாரும் சொல்றது ஒரே விஷயம்தான், பிள்ளைகளுக்கு கவுன்சிலிங் குடுக்கணும். சரி, குடுக்கத்தான் வேணும். ஆனா யார் குடுக்கிறது, எங்க போறது, எந்த நாள்ல, பிள்ளை வரமாட்டன் எண்டு நிண்டா என்ன செய்றது, ஒருக்கா போய்ட்டு வந்தா முடிஞ்சுதா எண்டு கேட்டா ஒராள் பள்ளிக்கூடம் எண்டுவார், இன்னொராள் ஆஸ்பத்திரி எண்டுவார், மற்றவர் டிஎஸ் ஒஃபிஸ்ல, அதாவது பிரதேச செயலகத்துல, அதுக்கு ஆள் இருக்கு எண்டுவார். மூண்டு பேர் சொல்றதும் சரி. குழப்பம் வாறதும் அதாலதான். அதால அடியில இருந்து தொடங்கி, யார் யார் இருக்கிறாங்க, எந்த இடத்துல பிள்ளை கை நழுவிப் போகுது, அதுக்கு என்ன செய்யலாம் எண்டு பார்ப்பம்.

## எதைப் பத்திக் கதைக்கிறம்

மனநலம் எண்டு சொன்ன உடனே எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வாறது ரோட்டுல தனியக் கதைச்சுக்கொண்டு போற ஆள்தான். "விசர்" எண்ட ஒரு சொல்லுக்குள்ள எல்லாத்தையும் போட்டுக் கட்டி வச்சிருக்கிறம். உண்மையில இது மூண்டு விஷயம் சேர்ந்த ஒண்டு. முதலாவது மனசு, அதாவது பயம், துக்கம், பதட்டம், நித்திரையில்லாமை. ரெண்டாவது நடத்தை, சண்டை பிடிக்கிறது, பள்ளிக்கூடம் போகாம ஒளிக்கிறது, தன்னைத்தானே காயப்படுத்துறது. மூண்டாவது பழக்கம், குடி, மாவா எண்ட போதைப் பாக்கு, ஐஸ் எண்ட போதைப்பொருள், விடிய விடிய போன். இந்த மூண்டும் ஒண்டோட ஒண்டு பின்னிக் கிடக்கிறதால ஒண்டை மட்டும் தனியப் பிடுங்கி வைத்தியம் பார்க்க ஏலாது.

உலக சுகாதார அமைப்பு சொல்ற கணக்குப்படி 10 இருந்து 19 வயசுக்குள்ள இருக்கிற 7 பேர்ல ஒருத்தருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கு. பெரிய ஆக்களுக்கு இருக்கிற மனநலப் பிரச்சினைகள்ல ஏறக்குறைய பாதி 18 வயசுக்குள்ளயே தொடங்கிடுது. 40 பிள்ளை இருக்கிற வகுப்பு எண்டா கணக்குக்கு ஒரு 5, 6 பிள்ளை. அந்த 5, 6 பேரும் அழுதுகொண்டு இருக்கமாட்டாங்க, அதுதான் கண்டுபிடிக்கிறது கஷ்டம். பெரிய ஆளுக்கு மனச்சோர்வு வந்தா துக்கமா இருப்பார், பிள்ளைக்கு வந்தா எரிச்சலாத்தான் வெளிய வரும், சும்மா கேட்டதுக்கே சீறி விழும். இல்லாட்டி வயித்துக்குத்து, தலையிடி. திங்கட்கிழமை காலையில மட்டும் வயிறு நோகுது, சனி ஞாயிறு சுகமா இருக்கு எண்டா அந்த வயிறு வேற ஏதோ சொல்லப் பார்க்குது. 10 வயசுக்குப் பிறகு திடீரெண்டு பாயை நனைக்கத் தொடங்கினாலும் அப்பிடித்தான்.

## யார் யார் இருக்கிறாங்க

எங்கட மாவட்டத்துல ஒண்டுமே இல்ல எண்டு சொல்றது பிழை. கதவுகள் நிறைய இருக்கு.

1. பள்ளிக்கூடத்துல ஆலோசனை ஆசிரியர். பாடம் படிப்பிக்கிற டீச்சர்தான், அதுக்கு மேல பயிற்சி எடுத்து இந்த வேலையையும் பார்க்கிறவர். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இல்ல, இருக்கிற இடத்துலயும் கதவு பூட்டிக் கதைக்க ஒரு அறை இருக்கிறது குறைவு.

2. எம்ஓஎச் ஒஃபிஸ். அங்க சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழ பீஎச்ஐ எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மார், வீடு வீடா வாற குடும்பநல உத்தியோகத்தர்மார், நாங்க மிட்வைஃப் மிஸ் எண்டு கூப்பிடுறவங்க. பள்ளிக்கூடத்துக்கு வந்து 1, 4, 7, 10ஆம் ஆண்டுப் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறதும் இந்த ஒஃபிஸ்தான்.

3. ஆஸ்பத்திரி. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு. இங்க ரெண்டு வகை டொக்டர்மார் வருவாங்க. ஒண்டு மனநல விசேட வைத்திய நிபுணர். மற்றது மனநல வைத்திய அதிகாரி, அதாவது சாதாரண டொக்டர் ஒருத்தர் மேலதிகமா மனநலத்துல பயிற்சி எடுத்து, தூர இடங்கள்ல கிளினிக் நடத்துறதுக்கெண்டு போடப்பட்டவர். இவங்களோட மனநலத் தாதி, சமூக சேவை உத்தியோகத்தர், தொழில்வழிச் சிகிச்சையாளர் சேர்ந்ததுதான் முழு அணி எண்டு சொல்றது.

4. டிஎஸ் ஒஃபிஸ். எங்கட மாவட்டத்துல 11 பிரதேச செயலகம் இருக்கு. அதுகளுக்குள்ள உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர் எண்டு பல பேர், எல்லா இடத்துலயும் எல்லா ஆசனமும் நிரம்பியிருக்கும் எண்டு நினைக்கக் கூடாது.

5. சட்டப் பக்கம். 1998 இல 50ஆம் இலக்கச் சட்டத்தால வந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை, மாகாணத்துட நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம், பொலிஸ்ல சிறுவர் பெண்கள் பிரிவு.

இதுல அடிக்கடி மாறிப்போற ஒரு விஷயம், உளவளத்துணையாளர் மருந்து எழுதமாட்டார், கதைச்சு வழி காட்டுறவர். மனநல டொக்டர் நோயைக் கண்டுபிடிச்சு தேவைப்பட்டா மருந்து தருவார். உளவியலாளர் எண்டவர் உளவியல் படிச்சு, சோதிச்சுப் பார்த்து, முறையான பேச்சுச் சிகிச்சை குடுக்கிறவர், அரசாங்க சேவையில இவங்க மிச்சம் குறைவு. பிள்ளைகளுக்கெண்டே படிச்ச மனநல நிபுணர் அதிலயும் குறைவு, கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரி மாதிரி பெரிய இடங்களைத்தான் சொல்லுவாங்க. மாவட்டங்கள்ல பெரிய ஆக்களைப் பார்க்கிற கிளினிக்கிலயே பிள்ளையும் போய் இருக்க வேண்டி வருது.

## ஒரு பிள்ளை போற பாதை

டவுனுக்குத் தூரமான வெருகல் பக்கம் ஒரு வீடு எண்டு வைங்க. இது உண்மையான வீடு இல்ல, பாதை விளங்கிறதுக்காக வச்ச உதாரணம், ஆனா இதுல வாற ஒவ்வொரு துண்டும் எங்கட பக்கத்துல நடக்கிறதுதான். தம்பிக்கு 14 வயசு, 9ஆம் ஆண்டு. அம்மா குவைத்துல வீட்டு வேலை. அப்பா மீன்பிடி, பின்னேரத்துல குடி. தம்பியையும் தங்கச்சியையும் பார்க்கிறது அம்மம்மா.

ரெண்டு மாசமா தம்பிக்கு நித்திரை இல்ல. விடிய 2 மணி மட்டும் போன் வெளிச்சம், காலையில எழும்ப ஏலாது, எழுப்பினா சண்டை, கிழமைக்கு ரெண்டு நாள் பள்ளிக்கூடம் இல்ல. வகுப்பு டீச்சர் ஆலோசனை டீச்சர்ட்ட சொல்றா, அவ அம்மம்மாவைக் கூப்பிடுறா.

"அம்மா, தம்பியை ஒருக்கா ஆஸ்பத்திரில காட்டுங்க."

"எங்கட பிள்ளைக்கு விசர் இல்ல மிஸ். அவனுக்குக் கண்ணூறு."

அம்மம்மா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறா, நேர்த்தி வைக்கிறா, நூல் கட்டுறா. முஸ்லிம் வீடு எண்டா ஓதிப் பார்த்திருப்பாங்க. இதைப் பிழை எண்டு நான் சொல்லமாட்டன். மனசு ஆறுதல் அடையிற இடத்துக்கு ஆக்கள் போகத்தான் செய்வாங்க, அந்தக் கோயிலுக்கு அம்மம்மா பிள்ளையிட கையைப் பிடிச்சு நடந்து போறதே ஒரு நல்ல விஷயம். சிக்கல் எங்க எண்டா, அதுல மூண்டு மாசம் போயிடுது. நூலும் இருக்கட்டும், கிளினிக்கும் போகட்டும் எண்டு சொல்ல அந்த நேரத்துல பக்கத்துல ஒராள் இல்ல.

பிறகு வயித்துக்குத்து எண்டு கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியிட ஓபிடிக்கு, அதாவது வெளிநோயாளர் பிரிவுக்குப் போறாங்க. பின்னால லைன் நிக்குது, டொக்டருக்கு ஒரு ஆளுக்கு ரெண்டு மூண்டு நிமிஷம்தான். வயித்துக்கு மருந்து எழுதித் தாறார். ரெண்டாந்தரம் போகேக்க ஒரு டொக்டர் தம்பிட முகத்தைப் பார்த்து "நித்திரை கொள்றியா?" எண்டு கேக்கிறார். அந்த ஒரு கேள்விதான் திருப்பம். டவுன் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில காட்டச் சொல்லி ஒரு துண்டு எழுதித் தாறார். அம்மம்மா அதை நாலா மடிச்சு அடையாள அட்டையோட சேர்த்து ஷொப்பிங் பேக்குக்குள்ள சுத்தி வைக்கிறா.

கிளினிக் நாள். முதல் பஸ்ஸுக்கு நிண்டு, பஸ் மாறி வந்து, நம்பர் எடுத்து வாங்குல (பெஞ்சுல) இருக்கிறாங்க. பக்கத்துல பெரிய ஆக்கள், ஒராள் சத்தமாக் கதைக்கிறார், தம்பி அதைப் பார்த்திட்டு அம்மம்மாவிட சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு "வீட்ட போவம்" எண்டுறான். உள்ள போனா டொக்டருக்கு சிங்களம்தான் நல்லா வரும் எண்டு வைங்க. வேலைக்கு நிக்கிற ஒராள் மொழிபெயர்க்கிறார். தம்பி "நெஞ்சு அடைக்குது" எண்டு சொல்றான். அது நெஞ்சு நோவு எண்டு போகுது. இதயத்தைப் பார்க்கிற ஈசீஜி எடுக்கச் சொல்றாங்க. பிரஷர் அளக்க, காயத்துக்குத் தையல் போட அரைகுறை மொழி போதும், இந்த வைத்தியத்துல மொழிதான் ஊசியும் மருந்தும். "மனசு பாரமா இருக்கு", "எரிச்சலா வருது", "வெறுத்துப் போச்சு" இந்த மூண்டுக்கும் இடையில இருக்கிற வித்தியாசம் போய்ச் சேராட்டி டொக்டர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தும் என்ன செய்ய?

அடுத்த தேதி ஒரு மாசம் கழிச்சு. அண்டைக்குத் தவணைப் பரீட்சை. போகல. போகாததை யாரும் கவனிக்கல, கிளினிக்கில இருந்து ஒரு கோல் வரல, ஏனெண்டா கோல் எடுக்கிறது யாருட வேலை எண்டும் இல்ல. பள்ளிக்கூடத்துக்கு இவன் கிளினிக் போனதே தெரியாது. இதுக்கிடையில அப்பா அடிச்ச ஒரு பிரச்சினையில டிஎஸ் ஒஃபிஸ்ல இருந்து ஒராள் வந்து விசாரிச்சிட்டுப் போறா, அவவுக்குப் பள்ளிக்கூட விஷயமும் தெரியாது, ஆஸ்பத்திரி விஷயமும் தெரியாது. ஒரே பிள்ளை, நாலு இடத்துல நாலு ஃபைல். ஒவ்வொரு இடத்துலயும் அம்மம்மா முதல்ல இருந்து கதையைச் சொல்றா, ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சம் கொஞ்சமா விட்டுவிட்டுச் சொல்றா, கடைசியில வெக்கத்துல சொல்லாமலே விட்டுடுறா.

## ஓட்டை எங்க

எங்கட நாட்டு சுகாதார சேவையில உலகமே பாராட்டுற ஒரு விஷயம் இருக்கு. ஒரு பொம்பிளை கர்ப்பமா இருக்கிறா எண்டு தெரிஞ்ச நாள்ல இருந்து மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வருவா. ஏறக்குறைய 3000 பேருக்கு ஒரு மிஸ் எண்டது கணக்கு. பிள்ளை பிறந்தாலும் வருவா, நிறை பார்ப்பா, ஊசிக்குக் கூப்பிடுவா, நீங்க கிளினிக் வரல எண்டா வீட்டு வாசல்ல வந்து "ஏன் வரல?" எண்டு கேப்பா. பிரசவத்துல தாய்மார் சாகிறது இந்த நாட்டுல இவ்வளவு குறைஞ்சதுக்கு அந்த "ஏன் வரல?" எண்ட கேள்வி ஒரு பெரிய காரணம்.

அவவிட வேலைப் பாரம் முழுக்க கர்ப்பிணித் தாய், கைக்குழந்தை, 5 வயசுக்கு உட்பட்ட பிள்ளை. பிள்ளைக்கு 5 வயசு முடிஞ்சா வீட்டுக்கு வாற கால் குறையுது. பிறகு பள்ளிக்கூடப் பரிசோதனை. பெரிய பள்ளிக்கூடத்துல அது 1, 4, 7, 10. அந்த உதாரணத் தம்பிக்கு 9ஆம் ஆண்டு, ரெண்டு பரிசோதனைக்கும் நடுவுல விழுந்திட்டான். பரிசோதனை நடந்தாலும் பல்லு, கண்ணு, நிறை எல்லாம் பார்க்கிற அவசரத்துல மனசைப் பார்க்க எவ்வளவு நேரம் கிடைக்கும். பள்ளிக்கூடத்தை விட்டே நிண்ட பிள்ளை எண்டா அதுவும் இல்ல. 2016 இல இருந்து 16 வயசு மட்டும் கட்டாயக் கல்வி எண்டு இருக்கு, ஆனா கடலுக்குப் போற, மேசன் வேலைக்குப் போற, வீட்டுல தங்கச்சி தம்பியைப் பார்க்கிற பிள்ளைகள் எங்க இருக்கிறாங்க எண்டு எங்க எல்லாருக்கும் தெரியும்.

வெளிநாட்டு வேலை விஷயத்துலயும் இதே 5 வயசுதான். 2013 இல வந்த குடும்பப் பின்னணி அறிக்கை முறையில 5 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருக்கிற அம்மா போக ஏலாது எண்டு இருந்தது, 2022 இல அது 2 வயசு எண்டு குறைஞ்சுது. அம்மாமார் போறதை நான் குறை சொல்லமாட்டன், அந்தக் காசுலதான் பல வீட்டுக்குக் கூரையே வந்தது. நான் சொல்றது, சட்டம் கூடுதலா யோசிச்சது சின்னப் பிள்ளையைப் பத்தி. 14 வயசுப் பிள்ளைக்கு அம்மா இல்லாட்டி அதுட மனசுக்கு என்ன ஆகும் எண்டு யோசிச்சது குறைவு.

ஆக, எனக்குத் தெரியிறது இதுதான். எங்களுக்கு முதல்ல தேவை இன்னொரு கட்டடம் இல்ல, 5 வயசுக்கும் 18 வயசுக்கும் இடையில "ஏன் வரல?" எண்டு வாசல்ல வந்து கேக்கிற ஒராள்.

## ஏன் இப்பிடி ஆச்சு

இதுக்குப் பின்னால பழைய கதை இருக்கு. மனநோய் சம்பந்தமா இண்டைக்கும் நடைமுறையில இருக்கிற சட்டம் 1873 இல வெள்ளைக்காரன் காலத்துல போட்டது. அதுட யோசனை, நோயாளியை ஒரு இடத்துல கொண்டு போய் அடைச்சு வைக்கிறது. அதால கன காலத்துக்கு மனநலம் எண்டா கொழும்புப் பக்கம் பெரிய மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற அங்கொட எண்ட ஒரு பேர்தான், திருகோணமலையில இருந்து ஒராளை அங்க கொண்டு போனா குடும்பத்துக்கு ஒரு நாள் பயணம், போய்ப் பார்க்கிறதே விட்டுப் போயிடும்.

மாற்றம் வந்தது 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு. சுனாமி கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரையை அடிச்சது எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகுதான் 2005 இல மனநலக் கொள்கை ஒண்டு வந்தது, மாவட்டத்துக்கு மாவட்டம் சேவை, ஊருக்குள்ள போற கிளினிக் எண்டு. சுனாமிக்கு முன்னம் 10 மாவட்டத்துல இருந்த மனநல சேவை பிறகு 20 ஆச்சு எண்டு உலக சுகாதார அமைப்பு எழுதியிருக்கு. இப்ப 2020 இருந்து 2030 க்கு எண்டு புதுக் கொள்கையும் இருக்கு. கொள்கை நல்லாத்தான் இருக்கு. ஆனா 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டொக்டர்மாரும் தாதிமாரும் கூட்டமா வெளிநாடு போனாங்க, எழுதின கொள்கையை நடத்திக் காட்ட ஆள் வேணும்.

ஃபைல்கள் ஏன் சேராம இருக்கு எண்டதுக்கும் காரணம் இருக்கு. 1987 இல அரசியலமைப்புட 13ஆவது திருத்தம் வந்து சுகாதாரம், கல்வி, நன்னடத்தை எல்லாம் பெரும்பாலும் மாகாணத்துக்கு வந்தது, ஆனா தேசியப் பாடசாலை, சிறுவர் அதிகாரசபை, டிஎஸ் ஒஃபிஸ் மத்திய அரசாங்கத்துக்குக் கீழ. ஒருத்தருக்கு ஒருத்தர் மேலதிகாரி இல்ல. ஒராள் இன்னொராள்ட்ட தகவல் கேக்க சட்டப்படி வழி இல்லாட்டியும் நட்புல கேப்பாங்க, அந்த நல்ல உத்தியோகத்தருக்கு இடமாற்றம் வந்தா அதுவும் போச்சு.

இதுக்கு மேல போர். 2006 சண்டையில சம்பூர் ஆக்கள் ஊரை விட்டுப் போய் 2015, 2016 லதான் திரும்பினாங்க. அந்த நேரம் 10 வயசா இருந்த பிள்ளை இப்ப ஒரு பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ. அவருக்கு நித்திரையில கனவு வந்தா, வெடிச் சத்தத்துக்கு உடம்பு நடுங்கினா, கோவம் அடக்க ஏலாட்டி அது அவரோட நிக்காது, வீட்டுல இருக்கிற பிள்ளைக்குப் போகும். அதால பிள்ளையை மட்டும் கிளினிக்குக்குக் கூப்பிட்டு அப்பாவை வெளிய விட்டா பாதி வைத்தியம்தான்.

## மருந்து, இரகசியம், பொலிஸ்: ஆக்கள் பயப்பிடுற மூண்டு விஷயம்

முதலாவது, மருந்து குடிச்சா அதுக்கு அடிமையாகிடுவாங்க எண்ட பயம். பிள்ளைகள்ல கன பேருக்கு மருந்தே தேவைப்படாது, கதைச்சு, நித்திரையை ஒழுங்குபடுத்தி, வீட்டுல எப்பிடி நடத்துறது எண்டு பெத்தவங்களுக்குச் சொல்லிக்குடுத்தாலே மாறும். மனச்சோர்வுக்குக் குடுக்கிற மருந்துகள் ஐஸ் மாதிரி மேல மேல கேக்க வைக்கிற சாமான் இல்ல. ரெண்டு விஷயம் மட்டும் தெரிஞ்சிருக்கணும். வேலை செய்யத் தொடங்க ரெண்டு கிழமைக்கு மேல ஆகும், முழுசாத் தெரிய இன்னும் செல்லும், அதால நாலு நாள்ல ஒண்டும் இல்ல எண்டு தூக்கிப் போடக் கூடாது. சுகம் வந்த உடனே தானா நிப்பாட்டவும் கூடாது, டொக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுத்தான் நிப்பாட்டுவார். தொடங்கின முதல் கிழமைகள்ல பிள்ளையைக் கிட்ட வச்சுப் பார்க்கணும், மாற்றம் ஏதும் தெரிஞ்சா அடுத்த தேதி மட்டும் காத்திருக்காம சொல்லணும்.

ரெண்டாவது, ஊருக்குத் தெரிஞ்சிடும் எண்ட பயம், முக்கியமா பொம்பிளைப் பிள்ளை எண்டா கலியாணம் குழம்பும் எண்டு. இது வீண் பயம் இல்ல, கிளினிக் வாசல்ல பேரைச் சத்தமாக் கூப்பிடுற இடத்துல இரகசியம் எங்க இருக்கும். ஆனா டொக்டரோ உளவளத்துணையாளரோ பிள்ளை சொன்னதை வெளிய சொல்லக் கூடாது எண்டது அவங்கட தொழில் ஒழுக்கம், பிள்ளையிட உயிருக்கு ஆபத்து அல்லது யாரோ துன்புறுத்துறாங்க எண்டா மட்டும்தான் விலக்கு. இதை முதல் நாளே பிள்ளைக்கு நேர சொல்லணும்.

மூண்டாவது பொலிஸ். உயிரை மாய்க்க முயற்சி செய்தது குற்றம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா கேஸ் எண்டு இண்டைக்கும் ஒளிக்கிற குடும்பங்கள் இருக்கு. அந்தக் குற்றத்தை 1998 லயே சட்டத்துல இருந்து எடுத்தாச்சு. ஒளிக்கத் தேவையில்ல, போற நேரத்தைப் பிந்தவும் தேவையில்ல. பிள்ளைட்ட நேர கேட்டா அந்த எண்ணத்தை நாங்களே குடுத்திடுவம் எண்டு நினைக்கிறாங்க, அது அப்பிடி இல்ல. "சாகணும் எண்டு யோசனை வருதா தம்பி?" எண்டு அமைதியாக் கேட்டா பெரும்பாலும் பிள்ளைக்கு ஒரு பாரம் இறங்கும். ஆம் எண்டு சொன்னா தனிய விடாம அண்டைக்கே கூட்டிட்டுப் போகணும்.

இந்த விஷயத்துல எங்கட நாடு ஒண்டைச் செய்து காட்டியிருக்கு. 1995 அளவுல வருஷத்துக்கு லட்சத்துக்கு 47 பேர் தற்கொலை எண்டு உலகத்துலயே கூடின இடங்கள்ல ஒண்டா இருந்தம். கடும் நஞ்சான விவசாய மருந்துகளை ஒண்டொண்டா அரசாங்கம் தடை செய்ததுக்குப் பிறகு அது மூண்டுல ரெண்டு பங்குக்கு மேல குறைஞ்சுது. நினைச்சா மாத்தலாம் எண்டதுக்கு இதைவிட ஆதாரம் தேவையில்ல.

போன் நம்பர்களையும் இங்கயே சொல்லிடுறன். 1926 தேசிய மனநல நிறுவனத்துட இலக்கம். 1333 உளவளத்துணை. பிள்ளையை யாரும் துன்புறுத்துறாங்க எண்டா 1929.

## எதை மாத்தினா நல்லம்

1. ஒரு பிள்ளைக்கு ஒரு பொறுப்பாள். இதுதான் முதல், மற்றதெல்லாம் இதுக்குப் பிறகு. கிளினிக்கில பிள்ளையைப் பதிஞ்ச அண்டைக்கே ஒரு மனநலத் தாதியோ சமூக சேவை உத்தியோகத்தரோ பேர் குறிக்கப்படணும். தேதிக்கு வரலையா, ரெண்டு நாளுக்குள்ள கோல். கோலுக்கும் இல்லையா, அந்தப் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸோட சேர்ந்து ஒருக்கா வீட்டுக்கு. ஆளணி போதாது எண்டுவாங்க, உண்மைதான், ஆனா தொடங்கேக்க மாவட்டம் முழுக்கத் தொடங்கத் தேவையில்ல, ஒரு பிரதேசத்துல 30 பிள்ளையோட தொடங்கலாம்.

2. திரும்பி வாற துண்டு. பள்ளிக்கூடத்துல இருந்து ஆஸ்பத்திரிக்குத் துண்டு போகுது, ஆஸ்பத்திரில இருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒண்டும் வாறதில்ல. நோய் என்ன எண்டு எழுதத் தேவையில்ல, அது இரகசியம். "பிள்ளை வந்தார், அடுத்த தேதி இது, வகுப்புல முன்னுக்கு இருத்துங்க, ரெண்டு கிழமைக்கு வீட்டுப்பாடத்தைக் குறைங்க" இவ்வளவும் பெத்தவங்கட சம்மதத்தோட எழுதினா போதும். காகிதமும் பேனையும்தான் செலவு.

3. ஆலோசனை டீச்சருக்கு நேரம். நேரசூசியில பாடம் குறைக்காம இந்த வேலையையும் தலையில வச்சா அது பேருக்குத்தான். ஒரு அறை, ஒரு பூட்டு, கிழமைக்குக் கொஞ்சப் பாடவேளை. இதோட அடியையும் நிப்பாட்டணும், உடல் தண்டனை கூடாது எண்டு கல்வி அமைச்சு 2005 லயே சுற்றுநிருபம் விட்டது. காலையில அடி வாங்கின இடத்துல பின்னேரம் மனசு திறந்து கதைக்க எந்தப் பிள்ளையும் வராது.

4. அம்மம்மாமார். சிம்பாப்வேயில டிக்சன் சிபாண்டா எண்ட மனநல டொக்டர் 2006 இல ஹராரே நகரத்துல ஒரு வேலை தொடங்கினார். டொக்டர்மார் இல்ல, கட்டடம் இல்ல. ஊர்ல இருக்கிற பாட்டிமாரைப் பிடிச்சு, பிரச்சினையைப் பிரிச்சுப் பார்த்து ஒண்டொண்டாத் தீர்க்கிறது எப்பிடி எண்டு பயிற்சி குடுத்து, கிளினிக்குக்கு வெளிய ஒரு மர வாங்குல இருத்தினார். வாறவங்க அந்த வாங்குல இருந்து கதைப்பாங்க, அவ்வளவுதான். 2016 இல வெளியான ஆய்வுல ஆறு மாசத்துக்குப் பிறகு வழமையான வைத்தியம் எடுத்தவங்களைவிட இவங்களுக்கு மனச்சோர்வு குறைஞ்சிருந்தது. எங்கட ஊர்ல வாங்குக்கும் குறை இல்ல, அம்மம்மாமாருக்கும் குறை இல்ல. ஆலமரத்துக்குக் கீழ, பள்ளிவாசல் பக்கத்துல, மாதர் சங்கத்துல ஏற்கனவே இருந்து கதைக்கிறவங்கதான். அவங்களுக்குத் தேவை பயிற்சி, எந்தக் கட்டத்துல ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும் எண்ட தெளிவு, கேட்டதை வெளிய விடாத கட்டுப்பாடு. கடைசிதான் கஷ்டம், அதால ஆளைத் தெரிவு செய்றதுல கவனம் வேணும்.

5. மொழி. மனநலக் கிளினிக்குக்கு எண்டு பயிற்சி எடுத்த மொழிபெயர்ப்பாளர் ஒராள் வேணும், வேலைக்கு நிக்கிற ஆளைக் கூப்பிட்டுச் சமாளிக்கிறது சரிவராது.

6. இடமும் நேரமும். புல்மோட்டை, திருகோணமலை டவுன்ல இருந்து 50 கிலோமீட்டருக்கு மேல. அங்க இருந்தும் வெருகல்ல இருந்தும் வாற பிள்ளைக்கு ஒரு கிளினிக் எண்டா ஒரு பள்ளிக்கூட நாள், கூட வாறவருக்கு ஒரு நாள் கூலி. ஊருக்குள்ள போற கிளினிக் மாசத்துல எந்த நாள் எண்டு முன்கூட்டியே பள்ளிக்கூடத்துலயும் கிராம சேவகர்ட ஜீஎஸ் ஒஃபிஸ்லயும் ஒட்டியிருக்கணும், அந்த நாள் மாறக் கூடாது. அதோட பிள்ளைகளுக்கெண்டு தனியா, பெரிய ஆக்கள் இல்லாத நேரத்துல, பள்ளிக்கூடம் விட்ட பிறகு 2 மணிக்குத் தொடங்கினா அந்தத் தம்பி பரீட்சையும் எழுதலாம், யூனிஃபோமோடயே வந்து அம்மம்மாவுக்குப் பக்கத்துல இருந்து கதைச்சிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னம் வெளிக்கிடலாம்.